வால்வு உட்காரும் இடம்

செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்த புல்லட் ஹெட்டை மேசைமேல் வைத்ததும் ஒரு தம்பி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, நீங்க வால்வு சீட்டைக் கையில கட் பண்ணுவீங்களா, மெஷின்லயா? மெஷின்ல பண்ணினாத்தான் நிக்கும்னு சொல்றாங்க."

கோவை கணபதியில் சிலிண்டர் ஹெட் வேலை மட்டும் பார்க்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. கைக் கட்டரும் இருக்கிறது, மெஷினும் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சிலருக்குக் கைவேலை என்றால் பயம். வேறு சிலருக்கு மெஷின் என்றாலே சந்தேகம். "அந்தக் காலத்து மேஸ்திரி கையால அரைச்சது இருபது வருசம் ஓடுச்சு" என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால், "உக்காருங்க தம்பி, டீ வரட்டும். சாவகாசமாப் பேசலாம்" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சீட் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வால்வைப் பார்த்தால் காம்போடு பிடுங்கிய காளான் மாதிரி இருக்கும். காம்பு, கைடு என்கிற குழாய்க்குள் ஏறி இறங்கும். தலைப்பகுதியின் ஓரத்தில் சாய்வாகச் சீவிய முகம் ஒன்று இருக்கும். வால்வு மூடும்போது அந்த முகம் ஹெட்டில் இருக்கிற ஒரு வளையத்தின்மேல் போய் உட்காரும். அந்த வளையம்தான் சீட். புல்லட் மாதிரி அலுமினிய ஹெட்டில் இரும்பு வளையம் தனியாகப் பதிக்கப்பட்டிருக்கும். பழைய வார்ப்பிரும்பு ஹெட் பலவற்றில் ஹெட்டின் உலோகத்திலேயே சீட்டைக் கடைந்திருப்பார்கள். எதுவானாலும் வால்வும் சீட்டும் தொடுகிற பட்டை ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். பென்சில் கோட்டைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே.

இந்தப் பட்டைக்கு இரண்டு வேலை. காற்றையும் நெருப்பையும் அடைத்து நிறுத்துவது ஒன்று. அதை எல்லாரும் சொல்வார்கள். இரண்டாவதைப் பலரும் நினைப்பதில்லை: வால்வின் சூட்டை வாங்கி ஹெட்டுக்குக் கடத்துவது. வண்டி பாரம் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். இருட்டில் பார்க்க முடிந்தால் மங்கலான சிவப்பாகத் தெரியும். அந்தச் சூட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீட் வழியாகத்தான் வெளியேறுகிறது. மிச்சம் காம்பு வழியாகக் கைடுக்குப் போகிறது. நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த ஒரு முழுச் சுழற்சிக்கு கிராங்க் 720 டிகிரி சுற்றுகிறது என்றால், எக்ஸாஸ்ட் வால்வு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரம் திறந்து நிற்கிறது. மூடியிருக்கிற மிச்ச நேரத்தில்தான் அது சூட்டை இறக்கிவைத்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

டீ வந்தது. தம்பியின் கண்ணாடி டம்ளரை மேசையின் கடப்பாக் கல்லில் வைத்தேன். "இப்ப அடி முழுக்கக் கல்லைத் தொடுது. சூடு கல்லுக்கு எறங்கும். அடியில ஒரு மணல் இருந்தா?" ஒரு சின்ன இரும்புத் துணுக்கை அடியில் வைத்துக் காட்டினேன். டம்ளர் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. "ஒரு முனையில மட்டும்தான் தொடுது. மத்த எடமெல்லாம் சந்து. எஞ்சின்ல அந்தச் சந்து வழியா நெருப்பு பாயும்." கேஸ் வெல்டிங் நுனியை இரும்பின் ஓரத்தில் பிடித்த மாதிரிதான். ஒவ்வொரு வெடிப்பிலும் அதே இடத்தில் பாய்ந்து, வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். கிக்கர் மிதித்தால் கால் சும்மா இறங்குவதும், சூடான வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக மறுப்பதும் இதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இன்னொரு முன்னறிவிப்பும் உண்டு, அதை யாரும் நம்ப மாட்டார்கள். டாப்பெட் சத்தம் குறைந்துபோவது. சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறி உட்காரும். அப்போது காம்பின் நுனிக்கும் அதைத் தள்ளுகிற ராக்கருக்கும் நடுவில் இருக்கிற டாப்பெட் இடைவெளி சுருங்கும், சத்தம் அடங்கும். வண்டிக்காரர் மகிழ்ச்சியாக இருப்பார். இடைவெளி அடியோடு போனபின் வால்வு முழுதாக மூடாது. அதற்கப்புறம் எரிவதற்கு நாள் அதிகம் ஆகாது. டாப்பெட் லேசாகக் கேட்கிற வண்டியைவிட, திடீரென்று மௌனமான வண்டியைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன்.

சரி, வெட்டுவது எப்படி? பெரும்பாலான சீட்டுகளில் வால்வு உட்காரும் முகம் 45 டிகிரி. சில எஞ்சின்களில், குறிப்பாகச் சில டீசல்களின் இன்லெட்டில், 30 டிகிரி இருக்கும். ஆனால் 45 மட்டும் வெட்டினால் பட்டை அகலமாகிக்கொண்டே போகும். அதனால் மேலே, எரி அறைப் பக்கம், 30 டிகிரியில் படுத்தவாக்கில் ஒரு வெட்டு. கீழே, காற்று போகிற தொண்டைப் பக்கம், 60 டிகிரியில் நிமிர்ந்தவாக்கில் ஒரு வெட்டு. இந்த இரண்டும் நடுவில் இருக்கிற 45 பட்டையை இரண்டு பக்கமும் ஓரம் கட்டுகின்றன. பட்டை வால்வு முகத்தின் வெளி ஓரத்தில் போய்த் தொட்டால் 30 கட்டரை எடுத்து உள்ளே தள்ளலாம். காம்புப் பக்கமாகத் தொட்டால் 60 கட்டரை எடுத்து வெளியே நகர்த்தலாம். இன்லெட்டுக்கு ஒன்று, ஒன்றேகால் மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு. எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் அகலம் கூட என்பது இப்போது புரிந்திருக்கும்: சூடு இறங்க வழி வேண்டும். அதற்காக மூன்று மில்லிமீட்டர் வைத்தால் அழுத்தம் பரந்துபோய், நடுவில் கரி சிக்கிக்கொண்டு, டம்ளருக்கு அடியில் வைத்த இரும்புத் துணுக்கு கதைதான்.

கையால் வெட்டுவதற்கு மூன்று சாமான் போதும். கைடு துவாரத்துக்குள் இறுக்கமாக நிற்கிற பைலட் கம்பி, அதன்மேல் மாட்டிச் சுற்றுகிற கட்டர், ஒரு டி கைப்பிடி. கட்டரில் கார்பைடு அலகுகள் வட்டமாகப் பதிந்திருக்கும். அமெரிக்காவின் நியூவே கம்பெனிக் கட்டர்களை உலகம் முழுக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி அமைப்பு. பைலட்டை இறக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கட்டரை மாட்டி, கடிகாரச் சுற்றில் நிதானமாகத் திருப்ப வேண்டும். கைப்பிடியின் நடுவில் மட்டும் அழுத்தம். ஒரு பக்கம் சாய்த்தால் பைலட் வளையும், சீட் முட்டை வடிவம் ஆகிவிடும்.

முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் நடக்காது போல இருக்கும். கருத்துப் பளபளத்த மேல்தோல் வழுக்கும். பிறகு திடீரென்று அலகு பிடிக்கும். அதை விரலிலேயே உணரலாம். தேங்காய் துருவும்போது ஓட்டுக்கு மேலே இருக்கிற மெத்தென்ற பருப்பில் அலகு இறங்குமே, கிட்டத்தட்ட அந்த உணர்ச்சி. மிளகுத் தூள் போல இரும்பு உதிரும். மூன்று சுற்று, நான்கு சுற்று. கட்டரைத் தூக்கிப் பார்த்தால் வளையத்தில் முக்கால் பங்கு புதுசாக மின்னும், ஒரு மூலையில் மட்டும் பழைய கறுப்பு நிற்கும். அங்கேதான் சூடு தின்று குழி விழுந்திருக்கிறது. இன்னும் ஒரு சுற்று, அதிகம் போனால் இரண்டு. கறுப்பு மறைந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். கைவேலையின் பெரிய லாபம் இதுதான்: தேவைக்கு மேல் ஒரு துளிகூட வெட்டாமல் நிறுத்தலாம்.

அது ஏன் முக்கியம் என்றால், சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் அமுங்குகிறது. 45 டிகிரி முகத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால், வால்வு கிட்டத்தட்ட 0.14 மில்லிமீட்டர் உள்ளே போகும். காம்பின் நுனி அந்த அளவுக்கு மேலே எழும்பும், ஸ்பிரிங்கின் இறுக்கம் தளரும். அதற்கு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துச் சரிக்கட்டுவோம். டீசலில் இன்னும் கவனம் தேவை. எரி அறையே சின்னது. வால்வு பதிந்த குழியில் காற்று ஒளிந்துகொண்டால் கம்ப்ரஷன் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், புகை வரும். ஒரு சீட்டை வாழ்நாளில் சில தடவைதான் வெட்ட முடியும் என்பதை மறக்கவே கூடாது.

மெஷின் என்றால் என்ன செய்கிறது? பிரான்ஸின் செர்டி, அமெரிக்காவின் சன்னன் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே மெஷின் செய்கின்றன. விலை பல லட்சம். ஹெட்டைச் சட்டத்தில் ஏற்றி மட்டம் பார்த்துக் கட்டிவிட்டால், மேலே இருக்கிற ஸ்பிண்டில் காற்று மெத்தையில் மிதந்தபடி பைலட்டின் மையத்தைத் தானே தேடிப் பிடிக்கும். அங்கேயே பூட்டிவிட்டு இறக்கினால், மூன்று கோணமும் ஒரே அலகில் செதுக்கியிருக்கிற டூல் மூன்று வெட்டையும் ஒரே இறக்கத்தில் போட்டுவிடும். எவ்வளவு ஆழம் என்பதை டயல் காட்டும். பதினாறு வால்வு ஹெட்டில் எல்லாச் சீட்டையும் ஒரே ஆழத்தில் நிறுத்தலாம். கையால் அது மிகக் கடினம். கோணம் கோணமாக ஒற்றை முனையால் வரைந்து வெட்டுகிற கம்ப்யூட்டர் மெஷின்களும் வந்துவிட்டன.

நடுவில் இன்னொரு முறையும் உண்டு, கல் வைத்து அரைப்பது. கையில் பிடிக்கிற மோட்டாரில் கல்லை மாட்டி, பைலட் மேல் சுற்ற விடுவார்கள். லாரி ஹெட் பட்டறைகளில் பல வருடம் இதுதான் ராஜா. கல் தேயத் தேயக் கோணம் மாறும் என்பதால், அடிக்கடி வைர முனையில் கல்லைச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் சோம்பல் பட்டவர்கள் எத்தனை வால்வுகளைக் கொன்றார்களோ.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னார், "அப்ப மெஷின்தாங்ணா பெஸ்ட்டு."

"இருங்க. மெஷின் மையத்தை எங்கிருந்து எடுக்குது?"

"பைலட்ல இருந்து."

"பைலட் எங்க நிக்குது?"

கொஞ்சம் யோசித்து, "கைடுல" என்றார்.

அங்கேதான் அவரைக் கொண்டுவர விரும்பினேன். கைக் கட்டரும் கைடை நம்புகிறது, பல லட்சம் ரூபாய் மெஷினும் கைடைத்தான் நம்புகிறது. கைடு நடுவில் சரியாக இருந்து இரண்டு முனையிலும் அகன்றிருந்தால், தாரை ஊதுகுழல் வாய் மாதிரி விரிந்திருந்தால், பைலட் நடுவில் பிடித்துக்கொண்டு நேராகவே நிற்கும். சீட்டும் அதற்கு ஏற்ப வட்டமாகவே வெட்டப்படும். ஆனால் வால்வு அந்த மையத்தில் வேலை செய்யாது. ராக்கர் ஒரு பக்கம் தள்ளும்போது, அகன்ற கைடில் சாய்ந்து நிற்கும். கணக்கே போட்டுப் பாருங்கள்: கைடின் நீளம் 50 மில்லிமீட்டர், காம்புக்கும் கைடுக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர். வால்வின் தலை கைடுக்கு 30 மில்லிமீட்டர் கீழே என்றால், அது மையத்திலிருந்து 0.11 மில்லிமீட்டர் விலகி நிற்க முடியும். சீட் எவ்வளவு ஓடலாம் என்று பொதுவாக அனுமதிக்கும் அளவு 0.05. வெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வால்வு போய் உட்காரும் இடம் வேறு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் பழகிய முதல் சில வருடத்தில், ஒரு விவசாயியின் கிணற்று ஆயில் எஞ்சின் ஹெட் வந்தது. நல்ல கோடை. வாழைக்குத் தண்ணீர் பாய வேண்டும், சீக்கிரம் கொடுங்கள் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் கைடை அளக்காமல் சீட்டை மட்டும் வெட்டினேன். நீல மை தடவி வால்வை வைத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்; மை வளையம் முழுசாக வந்திருந்தது. மனநிறைவோடு கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் ஆகவில்லை, திரும்பி வந்தார். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு, அப்பளத்தை ஓரத்தில் கடித்த மாதிரி, ஒரு பக்கம் மட்டும் எரிந்து போயிருந்தது. எஞ்சின் நின்ற நாட்களில் தண்ணீர் இல்லாமல் எத்தனை வாழை சரிந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மாஸ்டர் புது வால்வை அந்தக் கைடில் போட்டுக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, ஓரத்தில் டயல் கேஜை வைத்து, ஆட்டிப் பார் என்றார். முள் ஆடிய ஆட்டத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. பிறகு இன்னொன்றும் சொன்னார்: மை தடவினால் வால்வைச் சுற்றாதே. சீட்டில் மை தடவி வால்வைச் சுற்றினால், ஒரே இடத்தில் தொட்டாலும் வால்வு முழுக்க மை வழித்துக்கொள்ளும். முழு வளையம் வந்த மாதிரி கண்ணை ஏமாற்றும். நேராக வைத்து, ஒரு தட்டுத் தட்டி, நேராகவே எடு. அப்போது வருகிற வளையம்தான் உண்மை. அன்றைக்கு நான் பார்த்த வளையம் என் விரல் வரைந்தது. புதுக் கைடு போட்டு, சீட்டை மறுபடி வெட்டி, கூலி வாங்காமல் நானே எஞ்சினைக் கொண்டுபோய்க் கிணற்றில் ஓடவிட்டு வந்தேன்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் கைடு. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றிய புதுக் கைடைச் சரியான அளவுக்கு ரீமர் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் சீட். புதுக் கைடு எவ்வளவு கவனமாக ஏற்றினாலும் பழைய சீட்டின் மையத்தில் துல்லியமாக வந்து நிற்காது. கைடை மாற்றிவிட்டுச் சீட்டை வெட்டாமல் பொடி போட்டு அரைத்துக் கொடுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது.

பொடி போட்டு அரைப்பது பற்றியும் தம்பி கேட்டார். ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் மத்துக் கடைவது போல முன்னும் பின்னும் உருட்டுவது. அந்தச் சரசரப்பு மெல்ல மெல்ல மென்மையாகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் அது வெட்டுக்குப் பதில் ஆகாது. சாய்ந்த சீட்டை அரைத்து நேராக்க முடியாது. வால்வின் முகத்தில் பள்ளம்தான் விழும். சரியாக வெட்டிய சீட்டில் மெல்லிய பொடி வைத்து நாலு தடவை உருட்டினால், மங்கலான சாம்பல் வளையம் ஒன்று வரும். தொடுகிற இடத்தைக் கண்ணால் பார்க்க அது நல்ல வழி. அதற்கு மேல் போக மாட்டேன். பிறகு மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவித் துடைக்க வேண்டும். மிஞ்சுகிற ஒரு துகள் கைடுக்குள் புகுந்து, நீங்கள் செலவழித்து மாற்றிய கைடையே தின்றுவிடும்.

அப்படியானால் மெஷின் எதற்கு? அது இல்லாமல் முடியாத வேலைகள் இருக்கின்றன. பழைய சீட் வளையத்தை எடுத்துவிட்டுப் புது வளையம் பதிக்க, ஹெட்டில் குழி கடைய வேண்டும். குழியைவிட வளையம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவைத்துத்தான் இறக்குவோம். அந்தக் குழியைக் கையால் கடைய முடியவே முடியாது. இன்றைய கார்களில் வால்வுக் காம்பு ஐந்து, ஐந்தரை மில்லிமீட்டர்தான். அதற்குள் போகிற பைலட்டும் அவ்வளவு ஒல்லி. கையின் பாரத்துக்கே வளைந்துவிடும். சீட்டும் இப்போது உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த கெட்டி வளையம். கைக் கட்டர் அதில் தடதடத்து அலை அலையாக வரி போட்டுவிடும். கேஸில் ஓடுகிற ஆட்டோ, கார் ஹெட்டுகளுக்கும் நான் மெஷின்தான் சொல்வேன். பெட்ரோல் போலத் திரவத் துளியின் ஈரம் இல்லாமல் வறண்ட எரிபொருளில் ஓடுவதால் சீட் சீக்கிரம் தேயும். அதற்குக் கெட்டியான வளையம் வேண்டும், அந்த வளையத்துக்குக் கெட்டியான மெஷின் வேண்டும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு நினைவிருக்கும், 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஊரின் காற்றுக்கு அது பெரிய நன்மை. ஈயத்தின் படிவு சீட்டுக்கு மெத்தைபோல இருந்ததால், மெத்தை போனபின் வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாகக் கடைந்திருந்த சீட்டுகளுக்கு ஆயுள் குறைந்தது. கெட்டி வளையம் பதிப்பதுதான் அதற்கு நிரந்தர வைத்தியம்.

ஆனால் தம்பி கொண்டுவந்த ஹெட்டுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டர், இரண்டே வால்வு, தடித்த காம்பு. சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கிய காலத்திலிருந்து, திருவொற்றியூர் பக்கத்து மெக்கானிக்குகள் முதல் லடாக் போகிறவர்கள் வரை எத்தனையோ பேர் கைக் கட்டரில் பார்த்துப் பார்த்துச் செய்த ஹெட். கைடை அளந்தேன். இன்லெட் சரியாக இருந்தது. எக்ஸாஸ்ட் கீழ் முனையில் அகன்றிருந்தது. "எக்ஸாஸ்ட் கைடு ஒண்ணு மாத்திரலாம். ரெண்டு சீட்டையும் கையிலயே வெட்டித் தர்றேன். நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றேன்.

மறுநாள் வந்தபோது, பூட்டுவதற்கு முன்னால் அவரையே நீல மை தடவச் சொன்னேன். வால்வைச் சுற்றாமல் வைத்துத் தட்டி எடுத்தார். ஒன்றரை மில்லிமீட்டரில், நூல் பிடித்த மாதிரி, உடையாத வளையம். வால்வைப் பூட்டியபின் போர்ட்டில், அதாவது காற்று போகிற தொண்டையில், மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். இன்னொரு டீ குடித்து முடித்துப் பார்த்தபோதும் சீட்டின் ஓரத்தில் ஈரம் இல்லை.

நீங்களும் நாளைக்கு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு எந்தப் பட்டறைக்குப் போனாலும், கையா மெஷினா என்று கேட்பதற்கு முன்னால் கைடை அளந்தீர்களா என்று கேளுங்கள். அளவைச் சொல்லச் சொல்லுங்கள். பூட்டுவதற்கு முன்னால் மை வளையத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். இந்த இரண்டையும் காட்டத் தயங்காத ஆளிடம் வேலையைக் கொடுங்கள். எதில் வெட்டுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.